பாஸ்போர்ட் சைஸ், எட்டு காப்பி

சென்ற ஆவணியில் காட்பாடியில் நடந்த ஒரு கல்யாணத்தின் காணொளியை, வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் பார்க்கட்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக்கொண்டதால், இணையத்தில் ஏற்றினேன். முகூர்த்தம் முடிந்து பந்தி தொடங்கும் இடத்தில், மண்டபத்து ஒலிபெருக்கியில் ஓடிய பழைய திரைப்பாட்டு ஒன்று, பாத்திரச் சத்தத்துக்கும் குழந்தைகளின் அழுகைக்கும் நடுவே ஏறக்குறைய நாற்பது வினாடி கேட்கும். அது என்ன பாட்டு என்று எனக்கே இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் பிடிபட்டது. தளத்தின் இயந்திரத்துக்கு அந்தத் தயக்கம் இல்லை. கடைப் பையன் வாங்கிவந்த தேநீர் ஆறுவதற்குள், அந்தப் பாட்டின் உரிமை இன்னாருக்குச் சொந்தம், அந்தப் பகுதியை வெட்ட வேண்டும் அல்லது ஒலியை நிறுத்த வேண்டும் என்று அறிவிப்பு வந்துவிட்டது. நிறுத்தினேன். இப்போது அந்தக் காணொளியில் இருநூறு பேர் சத்தமில்லாமல் சாப்பிடுகிறார்கள்.

அதே வாரம், வேறொரு நாட்டில் நடக்கும் போரில் பிடிபட்ட ஒரு சிப்பாயின் காணொளி எங்கள் பழைய கல்லூரி நண்பர்கள் குழுவுக்கு வந்து சேர்ந்தது. கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. இருபது வயது இருக்கலாம். பிடித்தவர்கள் சொல்லிக்கொடுக்கும் ஏதோ ஒரு வாசகத்தை அவன் திரும்பத் திரும்பச் சொல்ல, கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அது எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப்போய், ஒரு தளத்தில் மூலத்தைக் கண்டு, புகார்ப் பொத்தானை அழுத்தினேன். என்ன வகைப் புகார் என்று ஒரு பட்டியல் நீண்டது. பிடிபட்ட மனிதனை வேடிக்கைப் பொருளாக்குவது என்று அதில் ஒரு வரி இல்லாததால், கிட்டத்தட்டப் பொருந்துவதாகத் தோன்றிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் விதிகளை இது மீறவில்லை என்று இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இந்த இரண்டு பதில்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த நாளிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. முப்பது ஆண்டுகளாகப் படம் எடுத்தே பிழைக்கிறவன் என்பதால், இந்த வழக்கில் நான் வெறும் பார்வையாளன் அல்லன் என்ற உறுத்தலும் கூடவே இருந்தது.

கோலப் புள்ளிகள்

இயந்திரத்தின் மீது எனக்குக் கோபம் இல்லை. அது வேலை செய்யும் விதத்தைப் படித்தபோது வியப்புத்தான் வந்தது. ஒரு பாட்டை, நேரம் ஒரு பக்கமும் சுருதியின் ஏற்ற இறக்கம் மறுபக்கமுமாக விரித்துப்போட்டு, ஒலி எங்கெங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கெல்லாம் ஒரு புள்ளி வைக்கிறார்கள். மார்கழி வாசலில் வைக்கும் கோலப் புள்ளிகளைப் போலத்தான். சுற்றிலும் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் உச்சப் புள்ளிகளில் பெரும்பாலானவை தப்பித்துவிடும். அவற்றுக்கு இடையே உள்ள தூரங்களை எண்களாக்கிச் சேமித்துக்கொண்டால், லட்சக்கணக்கான பாட்டுகளில் இந்தப் புள்ளிகள் எந்தக் கோலத்தைச் சேர்ந்தவை என்று நொடியில் சொல்லிவிடலாம். படங்களுக்கும் இதுபோன்ற வித்தை உண்டு. 2009 இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் டார்ட்மவுத் கல்லூரியின் ஹானி ஃபரீதும் சேர்ந்து உருவாக்கிய ஃபோட்டோ டிஎன்ஏ, குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்களில் ஏற்கெனவே அடையாளம் கண்டு பதிந்துவைத்தவற்றை, அளவு மாற்றியிருந்தாலும் நிறம் மாற்றியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறது. ஆகவே, கட்டிப்போட்ட மனிதனின் காணொளி இரண்டாம் முறை ஏற்றப்படும்போது அதைத் தடுப்பது இயந்திரத்துக்கு ஆகாத வேலை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்த வேலையை அதற்குச் சொல்லிக்கொடுக்கும்படி கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும். பாட்டுக்கு அப்படி ஒரு ஆள் இருக்கிறார், அவருக்குப் பதிப்புரிமை என்று பெயருள்ள ஒரு சொத்தும் இருக்கிறது.

பேச்சு வழக்கில் நாம் இதைக் காப்புரிமை என்று சொல்லிவிடுகிறோம். கண்டுபிடிப்புகளுக்குத் தருவது அது; படத்துக்கும் பாட்டுக்கும் எழுத்துக்கும் உள்ளது பதிப்புரிமை. 1957 ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கல்யாணக்காரர்களுக்குச் சாதகமான ஒரு பிரிவு இருக்கிறது. கல்யாணத்தையும் கல்யாண ஊர்வலத்தையும் ஒட்டிய கொண்டாட்டங்களில் பாட்டுப் போடுவது உரிமை மீறல் ஆகாது என்கிறது 52 ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவு. மண்டபத்தில் ஒலித்தவரை அந்தப் பாட்டுக்கு மன்னிப்பு உண்டு. இணையத்தில் ஏற்றிய எனக்கும் அந்த மன்னிப்பு நீளும் என்று வாதிட நான் தயாரில்லை. இயந்திரம் சட்டப்படி சரியாகத்தான் நடந்துகொண்டது என்று வைத்துக்கொள்வோம்.

எனக்கு உறைத்தது வேறு இடத்தில். எங்கள் தொழிலில் நெகட்டிவ் என்பது நிலப்பத்திரம் போல. படம் எடுத்துக்கொண்டவர் பத்து வருடம் கழித்து வந்து கேட்டாலும் பிரிண்ட் போட்டுத் தருவோமே தவிர, நெகட்டிவைக் கையில் கொடுக்க மாட்டோம். பில்லின் அடியிலேயே அதை அச்சிட்டிருந்தோம். எடுத்தவனுக்கே படம் சொந்தம் என்று நான் மனமார நம்பியிருந்தேன். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஒரு வழக்கறிஞர்தான் சிரித்துக்கொண்டே 17 ஆம் பிரிவைச் சொன்னார். படம் எடுத்தவரே அதன் ஆக்கியோர். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை செய்பவர் எடுத்த படமென்றால், பெரும்பாலும் அது சம்பளம் கொடுத்தவருக்குப் போகும். அதற்குப் பிறகும் நான் பில்லில் இருந்த வரியை எடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நெகட்டிவே வழக்கொழிந்த பிறகு அந்த வரி தானாக மறைந்தது.

ஆக, படத்தின் மீது உரிமை கொண்டாட எடுத்தவர் இருக்கிறார், காசு கொடுத்தவர் இருக்கிறார், முதலாளி இருக்கிறார். படத்தில் இருப்பவர் இந்த வரிசையிலேயே இல்லை. சாதாரண நாட்களில் இது பெரிய குறையாகத் தெரியாது. பணம் கொடுப்பவரும் படத்தில் இருப்பவரும் அநேகமாக ஒருவரே. தன்னைத் தானே எடுத்த படம் யாரிடமாவது மாட்டிக்கொண்டு இணையத்தில் ஏறிவிட்டால், மானம் போகிறது என்று புகார் சொல்வதைவிட, எடுத்தவர் நான், பதிப்புரிமை என்னுடையது என்று சொல்வது விரைவாகப் பலிக்கும் என்று விவரமறிந்த பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கைதிக்கு அந்தக் குறுக்குவழியும் அடைபட்டிருக்கிறது. அவன் கைதான் கட்டப்பட்டிருக்கிறதே, கேமரா எதிராளியின் கையில் அல்லவா இருக்கிறது. 2004 ஏப்ரலில் ஈராக்கின் அபு கிரைப் சிறைப் படங்கள் வெளிவந்தபோது அவற்றை எடுத்தவர்கள் அங்கே காவலுக்கு இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் என்று தெரிந்தது. அரசு ஊழியர் தம் கடமையின் பகுதியாக உருவாக்கிய எதற்கும் அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமை கிடையாது. யாரும் எடுத்து அச்சிடலாம். கடமையாக எடுத்தார்களா, விளையாட்டுக்கு எடுத்தார்களா என்று வழக்கறிஞர்கள் வாதிடட்டும். எது உண்மையானாலும், தலையில் சாக்கு மாட்டி நிற்கவைக்கப்பட்டவருக்கு அதில் பங்கில்லை.

கைதிகள் தாமே உருவாக்கியதிலாவது அவர்களுக்குப் பங்கு உண்டா என்று தேடினேன். கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோவில் விசாரணை இல்லாமல் வருடக்கணக்கில் அடைபட்டிருந்தவர்கள் கடலையும் கப்பலையும் ஓவியமாக வரைந்தார்கள். 2017 இல் நியூயார்க் நகரின் ஒரு கல்லூரியில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டதும், கைதிகள் வரைந்தவை அமெரிக்க அரசின் சொத்து என்று அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையான பெண்டகன் அறிவித்து, ஓவியங்கள் வெளியே போவதை நிறுத்தியது. 2023 இல்தான் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. அதே சிறையில் கைதிகளைத் தூங்கவிடாமல் செய்யக் காதைப் பிளக்கும் பாட்டுகளைப் போட்டார்கள் என்பதும் பழைய செய்திதான். தங்கள் இசை அதில் பயன்படுத்தப்பட்டதாக அறிந்த ஒரு கனடா இசைக்குழு, எங்கள் அனுமதியில்லாமல் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு 6,66,000 டாலருக்கு பில் அனுப்பியதாக 2014 இல் அறிவித்தது. படித்ததும் சிரித்துவிட்டேன். பிறகு, அந்த அறையில் பில் எழுதும் தகுதி இருந்த ஒரே தரப்பு பாட்டுக்காரர்கள்தான் என்பது தோன்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

வேடிக்கை

எங்கள் வேலூர்க்காரன் இதை அக்கறையில்லாமல் கடந்துபோக முடியாது. என் கடையிலிருந்து கோட்டை அகழிக்கு நடந்தால் ஐந்து நிமிடம். வெளியூர்க்காரர்களுக்கு அது ஜலகண்டேஸ்வரர் கோயிலும் புல்வெளியும். எனக்கோ அது இருநூறு ஆண்டுகளாக ஆட்களை அடைத்துவைத்த இடம். 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் பிள்ளைகளையும் பெண்டுகளையும் இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். 1816 இல் கண்டியின் கடைசி மன்னன் விக்கிரம ராஜசிங்கன் வந்தான். 1832 இல் இங்கேயே இறந்தான். அவனுடைய சிம்மாசனமும் கிரீடமும் இங்கிலாந்துக்குப் போய் 1934 இல்தான் இலங்கைக்குத் திரும்பின. தொரப்பாடி மத்திய சிறையில், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காமராஜர் இருந்தார். உள்ளே இருக்கும்போதே 1941 இல் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அதே ஆண்டு அங்கிருந்து தப்பிப் போனார். வினோபா பாவே அந்தச் சிறையில் உட்கார்ந்து தென்னாட்டு மொழிகளைக் கற்றுக்கொண்டார். 1995 ஆகஸ்டில் கோட்டையின் திப்பு மகாலில் வைக்கப்பட்டிருந்த விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பியபோது ஊரே அகழிக்கரையில் திரண்டு நின்றது. நானும் கழுத்தில் கேமராவோடு நின்றேன். எடுக்க எதுவும் இல்லாததால், வேடிக்கை பார்க்க வந்தவர்களையே நாலு படம் எடுத்தேன்.

வேடிக்கை என்ற சொல்லை நான் தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன். போர்க்கைதிகளை வன்முறையிலிருந்தும் மிரட்டலிலிருந்தும் மட்டுமல்லாமல், அவமதிப்பிலிருந்தும் பொதுமக்களின் வேடிக்கையிலிருந்தும் காக்க வேண்டும் என்பது 1949 ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 13 ஆம் பிரிவு. 1929 உடன்படிக்கையிலேயே இது இருந்தது. பிடிபட்ட குடிமக்களுக்கும் இதே காப்பை நான்காம் உடன்படிக்கையின் 27 ஆம் பிரிவு தருகிறது. எழுதியவர்களின் மனக்கண்ணில் இருந்தது தெரு. 1944 இல் பிரிட்டிஷ், அமெரிக்கக் கைதிகளை ரோம் நகரத் தெருக்களில் ஊர்வலமாக நடக்கவைத்த ஜெர்மன் தளபதி குர்ட் மெல்ட்சர், அந்த ஒரு குற்றத்துக்காக 1946 இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பின்னால் அது குறைக்கப்பட்டது. அந்தத் தெரு இப்போது சட்டைப்பைக்குள் இருக்கிறது என்பதும், அதில் நடக்கவைப்பதற்குத் தளபதி தேவையில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை. நான் நடக்கவைத்த ஊர்வலத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

2019 பிப்ரவரி 27. விமானி அபிநந்தன் பாகிஸ்தானில் பிடிபட்ட நாள். அவருடைய பூர்விகம் திருப்பணமூர் என்று தெரிந்ததும் பழைய வடஆற்காடு மாவட்டம் முழுக்க அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக ஆக்கிக்கொண்டது. செய்யாறு பக்கத்து உறவினர்கள் அன்று மதியம் முழுக்க ஏதாவது அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கண்கள் கட்டப்பட்டு, முகத்தில் ரத்தத்தோடு அவர் நிற்கும் காணொளி எனக்கு வந்தபோது, அதன் மேல் ஜெய்ஹிந்த் என்று எழுதி அனுப்பினேன். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் அனுப்ப முடியாத கட்டுப்பாடு வாட்ஸ்அப்பில் அதற்கு முந்தைய ஆண்டே வந்திருந்தது. ஐந்தையும் பயன்படுத்தினேன். காயம்பட்டவரை இப்படிக் காட்சிப்படுத்துவது ஜெனீவா உடன்படிக்கைக்கு விரோதம் என்று அன்றே இந்திய அரசு பாகிஸ்தானிடம் கண்டனம் தெரிவித்தது. அந்தச் செய்தியையும் அதே ஐந்து பேருக்கு அனுப்பினேன். இரண்டுக்கும் நடுவில் இருந்த முரண் அன்று என் கண்ணில் படவில்லை. தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் கேட்டுக்கொண்டு 11 காணொளி இணைப்புகள் நீக்கப்பட்டன. அவருக்காகக் கேட்க ஓர் அரசு இருந்தது. மார்ச் 1 ஆம் தேதி இரவு அவர் வாகா எல்லையில் நடந்து வந்தார்.

சட்டை

கேட்க யாரும் இல்லாத ஒருவரின் காணொளி மூன்று ஆண்டுகள் கழித்து என் கடைக்கே வந்தது.

மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021 நவம்பரில் அங்கே புது வீடுகள் கட்டும் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்த பிறகு, பழைய வீடுகளைக் காலிசெய்யும்போது கிடைத்த நைந்துபோன படங்களைச் சரிசெய்து தரச் சொல்லிப் பலர் வந்தார்கள். அவர்களில் ஒரு அக்கா, ஐம்பதைத் தாண்டியவர், கண்ணாடி போட்ட ஒரு சிறு ஃபிரேமைக் கொண்டுவந்தார். கூரை ஒழுகி, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. இந்தத் தொழிலில் இதைவிட மோசமான சேதம் கிடையாது. தண்ணீரில் ஊறவைத்து ஓரத்திலிருந்து மெல்ல எடுத்துப் பார்த்தேன். சட்டையும் கையும் வந்தன. முகம் கண்ணாடியோடு தங்கிவிட்டது. 2002 இல் போர்நிறுத்தம் வந்தபோது வன்னியிலிருந்து அவருடைய தம்பி அனுப்பிய படம் அது. 1990 இல் படகேறும்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அம்மம்மாவோடு விட்டுவிட்டு வந்தாராம். வேறு படம் கிடையாது.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வந்தார். இந்த முறை கையில் கைப்பேசி இருந்தது. கனடாவில் இருக்கும் அவருடைய சின்னம்மாவின் மகள் அனுப்பியதாம். பதினேழு வினாடி. 2009 மே மாதத்தில், போர் முடிந்த நாட்களில், யாரோ ஒரு சிப்பாய் தன் கைப்பேசியில் எடுத்தது. மண் தரை. மேல்சட்டை இல்லாத ஒருவர் கைகள் பின்னால் இருக்க உட்கார்ந்து, மேலே நிமிர்ந்து பார்க்கிறார். எடுத்தவர் ஏதோ சிங்களத்தில் கேட்கிறார். அவர் பதில் சொல்ல வாயெடுக்கும்போது படம் முடிந்துவிடுகிறது. அந்த அக்கா காணொளியை ஓடவிடவில்லை. நான்காவது வினாடியில் நிறுத்தி, என் பக்கம் நீட்டினார்.

"தம்பி, இதில இருக்கிற ஆளின்ர முகத்தை மட்டும் எடுத்துத் தரேலுமோ?"

"எடுத்துடலாம்க்கா. என்ன சைஸ் வேணும்?" என்று கேட்டுவிட்டு, முப்பது வருடப் பழக்கம் அடுத்த வாக்கியத்தையும் தானாகவே சொல்லியது. "மாலை போட்ட மாதிரி வெச்சிடட்டுமா?"

அவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வந்த ஒரு குடும்பம் மருத்துவமனை விண்ணப்பத்துக்காகப் படம் எடுக்கக் காத்திருந்தது. அந்தக் குழந்தையின் சத்தம்கூட அடங்கியது போல எனக்கு இருந்தது.

"ஏன் மாலை? அவன் செத்ததெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருந்தால் நல்லது. அவர் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, சாதாரணமான குரலில் தொடர்ந்தார். கிளிநொச்சியில் அவருடைய அக்கா இருக்கிறார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பிப்ரவரியிலிருந்து அங்கே நடத்தும் போராட்டத்தில் உட்காருகிறார். மற்றவர்களெல்லாம் படத்தைக் கையில் பிடித்திருக்கும்போது, அவர் மட்டும் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்திருக்கிறாராம். அதற்கும் வேண்டும், மனுக்களில் ஒட்டவும் வேண்டும். "பாஸ்போர்ட் சைஸ் காணும். எட்டு." எழுந்தவர் திரும்பி நின்று, "ஒரு சட்டை போட்டு விடுங்கோ தம்பி" என்றார்.

எங்கள் கணினியில் சட்டைகளும் கோட்டுகளும் தயாராக இருக்கும். இறந்தவர்களுக்குக் கோட்டு, மாணவர்களுக்குச் சீருடை. அன்று இரவு கடையை மூடிய பிறகு அந்த முகத்தோடு உட்கார்ந்தேன். வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்த காணொளி என்பதால் முகம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. கூர்மையாக்கினால் அது வேறு ஆளாகிவிடும். விட்டால் மூக்கு தெரியாது. இது அவருடைய தம்பிதானா என்பதையே நான் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அவருக்குச் சந்தேகம் இல்லை, புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு போதுமானதாக இருந்தது. கோட்டு வேண்டாம் என்று முடிவுசெய்தேன். வெள்ளைச் சட்டைகளில் பெரும்பாலானவை கல்யாண மாப்பிள்ளைக்கானவை, பளபளத்தன. கடைசியில் என்னுடைய பழைய படம் ஒன்றிலிருந்து ஒரு கட்டம் போட்ட சட்டையை எடுத்து, தோளைக் குறுக்கி, கழுத்தில் பொருத்தினேன். பின்னணியில் இருந்த மண்ணை அழித்து வெளிர்நீலம் நிரப்பினேன். எனக்கு எதிரில் ஓர் அரசு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வந்த முப்பது வயது ஆள் இருந்தார்.

மறுநாள் அந்த அக்கா வந்து வாங்கிப் பார்த்தபோது, அழவில்லை. சட்டையின் காலரை விரலால் தொட்டுப் பார்த்தார். பணம் வேண்டாம் என்றேன், விடவில்லை. அறுபது ரூபாய். பில் போடும்போது 17 ஆம் பிரிவு நினைவுக்கு வந்து, பணம் கொடுத்தவருக்கே உரிமை, இனி இது இவருடையது என்று ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. பிறகு அந்த வழக்கறிஞரிடம் சொன்னேன். அவர் இல்லையென்று தலையாட்டினார். அந்தப் பிரிவு பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு. எடுத்த படத்தை வெட்டிச் சட்டை மாட்டுவதற்கு அல்ல. மூலம் எடுத்தவருடையதுதான், அல்லது அவருக்குச் சம்பளம் கொடுத்த அரசினுடையது. அந்தச் சிப்பாய் வந்து, என் காணொளியிலிருந்து அனுமதியில்லாமல் முகத்தை எடுத்திருக்கிறாய் என்று உரிமை கோர ஒருபோதும் போவதில்லை. கோரினால் அந்த நாளில் அந்த இடத்தில் இருந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். இந்த ஒரு படத்துக்குத்தான் உரிமையாளர் வந்து நிற்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

ஓரத்தில் ஒருவர்

இந்த இடத்தில்தான் என் பழைய கோபம் குழம்பிப்போனது. ஜெனீவா பிரிவை அப்படியே பின்பற்றும் ஓர் இயந்திரம் அந்தப் பதினேழு வினாடியை முதல் நாளே அழித்திருக்கும். அழித்திருந்தால் அந்த அக்காவுக்குத் தம்பியின் முகமும் இருந்திருக்காது, அவன் உயிரோடு பிடிபட்டான் என்பதற்கான சான்றும் இருந்திருக்காது. 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய, கட்டப்பட்ட கைதிகளைச் சுடும் காட்சிகளும் வெற்றிச் சின்னமாகக் கைப்பேசியில் எடுக்கப்பட்டவைதாம். இலங்கை அரசு மறுத்தது, ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் 2011 இல் அவை உண்மையானவை என்றார். 2017 இல் லிபியாவின் படைத்தளபதி அல் வெர்ஃபல்லி மீது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிறப்பித்த பிடியாணை, 33 பேரைக் கொன்றதாக, சமூக வலைத்தளக் காணொளிகளைக் கொண்டு எழுதப்பட்டது. அதே ஆண்டில்தான் சிரியப் போரின் ஏராளமான காணொளிகளைப் பயங்கரவாதப் பிரசாரம் என்று எண்ணி ஓர் இயந்திரம் துடைத்தெறிந்தது. அவமானப்படுத்த எடுத்த படமே சாட்சியாகிறது. சாட்சிக்காக வைத்தால் அவமானம் நீள்கிறது. முகத்தை மறைத்து, தேவைக்கு மட்டும் காட்டலாம் என்று செஞ்சிலுவைச் சங்கம் ஒரு நடுவழி சொல்கிறது. முகம்தான் வேண்டும் என்று வந்து நிற்கும் அக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இத்தகைய காணொளிகளைச் சாட்சியமாகப் பாதுகாப்பது எப்படி என்று 2020 இல் வெளியான பெர்க்லி நெறிமுறை சொல்வதைப் பிறகு படித்தேன். மூலத்தைத் தொடாதே, வந்தது வந்தபடி வைத்துக்கொள், அதற்கு ஒரு கணக்கீட்டு முத்திரை, அதாவது கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் தானும் மாறிவிடும் ஒரு அடையாளக் குறி, எடுத்து எழுதி வை என்கிறது. நான் செய்ததெல்லாம் அதற்கு நேர் எதிர். மண்ணை அழித்தேன், சட்டை மாட்டினேன். மூலத்தைத் திறந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. படத்தின் இடது ஓரத்தில் ஒரு தோளும் ஒரு காதும் இருந்தன. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். நீலம் நிரப்பும்போது, தேவையில்லாத அழுக்கு என்று நினைத்து அவரைத் துடைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களின் கோப்புகளை மூன்று மாதத்தில் அழித்துவிடுவது கடை வழக்கம். அதை அழிக்கவில்லை. முத்திரையின் அறுபத்து நான்கு எழுத்துகளையும் எண்களையும் பில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கையால் எழுதிவைத்தேன். கடைப் பையன் அதை வைஃபை கடவுச்சொல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

கல்யாணக் காணொளிக்கு அறிவிப்பு வந்த அந்த வாரத்துக்குப் பிறகு, புரட்டாசியில், அந்த அக்கா இன்னும் எட்டு காப்பி வேண்டும் என்று வந்தார். மனுவுக்கு மனு படங்கள் தீர்ந்துவிடுகின்றன, ஒன்றும் திரும்பி வருவதில்லை என்றார். பிரிண்ட் வெளியே வந்துகொண்டிருந்தபோது, துணிவை வரவழைத்துக்கொண்டு, அழிக்காத மூலத்தைத் திரையில் திறந்து அந்த ஓரத்தைக் காட்டினேன். இவரைத் துடைத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி, வெகுநேரம் பார்த்தார்.

"ஆரெண்டு தெரியேல்லை தம்பி."

பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினேன். காது கட்டங்களாக உடைந்தது. கொஞ்சம் சின்னதாக்கச் சொன்னார்.

"அதையும் ஒரு காப்பி போட்டுத் தாங்கோ. அக்காவுக்கு அனுப்பிவிடுறன். அங்க இருக்கிற ஆருக்காவது தெரிஞ்சாலும் தெரியும்."

பாஸ்போர்ட் சைஸில் அது ஒன்றும் தெரியாது என்பதால் 4×6 இல் போட்டேன். பில்லில் இரண்டு வரி எழுதினேன். முதல் வரியில் வழக்கம்போல எட்டு. இரண்டாவதில் ஒன்று, பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டேன்.